பதினேழாம் எண்காரன்

மார்ச் 4, செவ்வாய்

பதினேழாம் எண்காரன் இன்றைக்கும் மசியவில்லை. என் நாவலில் மற்றவர்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள். விண்கப்பல் பூமியை விட்டு நூற்றிருபது வருடம் ஓடிவிட்டது, கேப்டன் அழுகிறாள், சமையல்காரன் பொய் சொல்கிறான், எல்லாம் தானாக நடக்கிறது. இவன் மட்டும் பிடித்துவைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறான். காற்று வடிகட்டியைப் பார்க்காமலே பதிவேட்டில் 'சரி' என்று எழுதுகிறான். நாற்பது பேர் தூக்கத்திலேயே மூச்சுமுட்டிச் சாகிறார்கள். ஏன் அப்படிச் செய்தான்?

கேப்டன்மேல் பழைய பகை என்று எழுதினேன். மனைவி படித்துவிட்டு, "மீசைய முறுக்குறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 6

பகையை எடுத்துவிட்டு, செத்துப்போன மகள் ஒருத்தியைக் கொடுத்தேன். "ஐயோ பாவம்னு நாங்க சொல்லணும், அதுக்குத்தானே?" என்கிறாள். சுள்ளென்று கோபம் வந்தது. அவள் சொன்னது சரி, அதனால் வந்த கோபம்.

மார்ச் 7, வெள்ளி

இன்று லிப்ட் கம்பெனியில் நெட்டைக்கு விசாரணை.

துணிக்கடைக் கட்டடத்தில் அது நடந்து பதினாறு நாள் ஆகிறது. நாலாவது மாடியில் லிப்ட் வராமலே கதவு திறந்துகொண்டது. துப்புரவு வேலை செய்யும் அம்மா வாளியோடு உள்ளே காலை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அந்த லிப்ட்டை மாதாமாதம் சோதிப்பது நானும் நெட்டையும். பதினோரு வருடமாக ஜோடி. மொட்டைமாடியில் மோட்டார் அவன் பொறுப்பு, மாடிக்கு மாடி கதவுப் பூட்டு என் பொறுப்பு. படிவத்தில் கையெழுத்து ஒன்றுதான், அவனுடையது.

விசாரணை முடிந்து வெளியே வந்தவன் கேட்டான். "எழுத்தாளரே, நாலாவது மாடி பூட்டு பாத்தியா?"

"பாத்தேன்டா."

"அது போதும். நீ பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பே. உள்ளேயும் அதத்தான் சொன்னேன்."

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

மார்ச் 8

எழுதவில்லை.

மார்ச் 11

நெட்டையை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். உரிமமும் ரத்து. இனி எந்த லிப்ட்டையும் அவன் தொட முடியாது.

மார்ச் 12

எழுதித் தொலைக்கிறேன், இங்கேயாவது.

கடைசியாகச் சோதனைக்குப் போன அன்றைக்கு நான் மூன்று மாடிதான் பார்த்தேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், படியில் — கேப்டன் பேசவேண்டிய ஒரு வசனம் தோன்றியது. மறந்துவிடுமோ என்று அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை. மேலேயிருந்து நெட்டை, "முடிஞ்சுதாடா?" என்று கத்தினான். "முடிஞ்சுது" என்றேன். மிச்ச மாடிகளுக்கு டிக் போட்டேன்.

பகையுமில்லை, துக்கமுமில்லை. ஒரு மண்ணும் இல்லை. அந்த வசனம்கூட நன்றாக இல்லை, அடுத்த வாரமே அடித்துவிட்டேன். அதுக்கா ஒரு பொம்பள செத்துப்போனா? என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 16, ஞாயிறு

பதினேழாம் எண்காரன் வாயைத் திறந்துவிட்டான். ஒரே மூச்சில் பதினான்கு பக்கம். வடிகட்டி அறைக்குப் போகும் ஏணியில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான் காரணம். கடைசியில் கப்பல் ஜனங்கள் அத்தனை பேர் முன்னாலும் போய் நின்று, "நான் பார்க்கவில்லை" என்கிறான்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னையே பார்த்தாள். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கற்பனை என்றேன்.

மார்ச் 20

மேனேஜர் அறை வரைக்கும் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நிமிர்ந்து, "என்னப்பா, லீவா?" என்றார்.

"ஆமா சார். ரெண்டு நாள்."

மார்ச் 21

லீவு.

செப்டம்பர் 2

புத்தகம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நெட்டை இப்போது ஏதோ கிடங்கில் காவலுக்கு இருக்கிறான். அவன் முகத்தில் விழிக்கத் துணிச்சலில்லாமல் நான் போகவில்லை. மனைவிதான் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

இன்று போன் செய்தான்.

"படிச்சிட்டேன். நல்லா எழுதியிருக்கே. ஏணில உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கான் பாரு ஒருத்தன், அந்த எடத்துல மூடி வச்சிட்டேன். ரெண்டு நாள் தொடல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அப்புறம் முழுசும் படிச்சேன். கடைசில எல்லார் முன்னாடியும் போயி ஒத்துக்கிறான்ல? அது மட்டும் நம்புற மாதிரி இல்லடா."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டான்.