மூன்று நாளும் ஏழு நாளும்

சிப்போரி
5 நவம்பர் 2013

அன்புள்ள அண்ணன் ஜெரியஸ் அபூ புத்ருஸுக்கு,

எல்யாகிம் எழுதுகிறேன். நேற்றிலிருந்து போன் செய்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் நம் நடைச் சுற்றுலாக் குழுக்களின் பெட்டிகளை ஏற்றிப் போகும் ஃபாதியின் வேனில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அலுவலகத்தில் ஷிர்லி சொன்னாள்: "அபூ புத்ருஸ் இனிமே உங்களோட நடக்க மாட்டாராம். வேற ஆளப் போடுங்கன்னு சொல்லிட்டாரு." விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். "சிரிக்காதீங்க, நெஜமாத்தான்" என்றாள்.

இருபத்திரண்டு வருடம், அண்ணே. பேத் ஷெஅரிம் குகைக் கல்லறைகளில் தொடங்கி கப்பர்நகூம் ஏரிக்கரை வரை எத்தனை பேரை நடத்திப் போயிருப்போம்! போன வாரம்தான் முதல் தடவையாகத் தனியாகப் போனேன். யூத ஆசாரிய குலத்தில் பிறந்தவன் நான், இறந்தவர் இருக்கும் கூரைக்கடியில் கால் வைக்கக் கூடாது. எப்போதும் நீங்கள் அவர்களை உள்ளே கூட்டிப் போவீர்கள், நான் வெளியே காப்பி போடுவேன். இந்தத் தடவை விளக்கம் எழுதிய தாளையும் ஒரு டார்ச்சையும் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்த ஒரு போலந்துக்காரர், "உள்ள கல்லுப் பெட்டியில சிங்கம் செதுக்கியிருக்கே, செத்தவருக்கு சர்க்கஸ் கம்பெனியா?" என்று கேட்டார். நீங்கள் இல்லாவிட்டால் என் பிழைப்பு இந்த லட்சணம்தான்.

விதாத் அண்ணியின் அடக்கத்துக்கு நான் கல்லறைத் தோட்டத்துக்குள் வராததுதான் கோபமா? என் நிலைமை உங்களுக்குத் தெரியாததா? ஒரு வரி எழுதுங்கள்.

தம்பி
எல்யாகிம்


நாசரேத்து
8 நவம்பர் 2013

எல்யாகிமுக்கு,

மனைவியைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகாதவனுக்குப் போலந்துக்காரரின் நகைச்சுவை. நலமா என்று ஒரு வார்த்தை இல்லை.

கல்லறைக்குள் நீ வராததற்கு நான் ஏன் கோபப்படப் போகிறேன்? அன்றைக்கு என் மச்சான், "எங்க உன் யூதக் கூட்டாளி?" என்று குத்தலாகக் கேட்டான். "அவன் இங்க வரக் கூடாதுடா. நாளைக்கு மண்டபத்துக்கு வருவான் பாரு" என்றேன். மூன்று நாள் சபை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரே வந்து கசப்புக் காப்பி குடித்துவிட்டுப் போனது. நீ கிறிஸ்தவக் கோவில் பக்கம் வரக் கூச்சப்படுவாய் என்று வாசல் ஓரமாக ஒரு நாற்காலி போடச் சொல்லியிருந்தேன். யார் உட்காரப் போனாலும், "அது ஒருத்தருக்கு வச்சிருக்கு" என்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம் மச்சான் அந்த நாற்காலியை என் கண் முன்னால் மடக்கி எடுத்துப் போனான்.

உனக்காக வருடக்கணக்கில் செத்தவர்களிடம் போய் வந்தேன். என் வீட்டில் விழுந்த ஒரு சாவுக்கு உன்னால் வாசல் வரை வர முடியவில்லை. எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஜெரியஸ்


சிப்போரி
10 நவம்பர் 2013

அண்ணே,

நான் வந்தேன். போன மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, நாலாம் நாள். எங்கள் துக்க வீட்டு வழக்கப்படி ஒரு சட்டி பருப்பும் அவித்த முட்டையும் கொண்டு வந்தேன். உங்கள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் முடிஞ்சு போச்சே, இப்ப வந்து யாரைப் பாக்கப் போற?" என்றாள். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் சொல்லச் சொன்னீர்களோ என்று எண்ணி, சட்டியோடு திரும்பிவிட்டேன்.

எங்களுக்குத் துக்கம் ஏழு நாள். அதில் முதல் மூன்று நாள் அழுவதற்கு. வீட்டாரைத் தவிர மற்றவர்கள் போய்த் தொந்தரவு செய்ய மாட்டோம். மரியாதை என்று நினைத்துத்தான் அந்த மூன்று நாளும் வீட்டில் கிடந்தேன். போன் செய்யாததும் அதனால்தான். துக்கப்படுபவர் வாய் திறக்கும் முன் நாங்கள் பேசக் கூடாது. முப்பது நாளைக்கு நலமா என்று கேட்பதும் வழக்கமில்லை. இல்லாவிட்டால் உங்களிடம் கேட்காமல் இருப்பேனா?

எல்யாகிம்


நாசரேத்து
13 நவம்பர் 2013

தம்பி,

நீ வந்த அன்று ஹைஃபாவில் மகள் வீட்டில் இருந்தேன். மூன்று நாள் முடிந்ததும் என்னைக் கூட்டிப் போய்விட்டாள். நீ வந்ததைப் பற்றி எதிர்வீட்டுக் கிழவி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உன் கடிதத்தை மகன் புத்ருஸிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பா, மரியாதை பண்ணிப் பண்ணியே உங்கள கொன்னுட்டாரு மனுஷன்" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. விதாத் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. பிறகு உட்கார்ந்து யோசித்தேன், சிரிப்பு நின்றுபோயிற்று.

ஒன்பது வருடம் முன்னால் உன் அப்பா இறந்தபோது நான் எந்த நாள் வந்தேன்? நாலாம் நாள். தாழ்ந்த முக்காலியில் இருந்த உன் எதிரே உட்கார்ந்து, நீ பேசும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு யார் சொன்னது என்று என்றைக்காவது நினைத்துப் பார்த்தாயா? திபேரியாவில் மீன் விற்கும் உங்கள் ஆள் ஷிமோனிடம் போய்க் கேட்டேன். "நாலாம் நாள் போ. அவன் பேசுற வரைக்கும் மூச்சு விடாத" என்றான்.

நான் கேட்டேன், எல்யாகிம். நீ கேட்கவில்லை. உங்களுக்கு ஏழு நாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் வீட்டுச் சாவுக்கும் உன் வீட்டுக் கணக்கையே போடுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. இப்போது இருப்பது வருத்தம். அது கோபத்தைவிட மெதுவாகத்தான் போகும். டிசம்பர் குழுவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்.

ஜெரியஸ்


சிப்போரி
15 நவம்பர் 2013

அண்ணே,

அப்பாவின் துக்கத்துக்கு நீங்கள் வந்து உட்கார்ந்தது எனக்கு வியப்பாகவே இல்லை. உலகமே எங்கள் வழக்கப்படி நடப்பதுபோல் இருந்துவிட்டேன்.

உங்கள் பைபிளில் வரும் கானா ஊர்க் கல்யாணத்தில் கற்சாடி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு கொள்ளும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்கள் வீட்டில் எத்தனை நாள் துக்கம் என்று தெரியாது. என் சாப்பாட்டு ஆசாரத்துக்காக விதாத் அண்ணி தனிப் பாத்திரம் வாங்கி, அதைப் பிள்ளைகள்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டார். அந்தப் பாத்திரத்தில் வாரம் ஒரு முறை காப்பி குடித்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

இப்போது கேட்கிறேன். தாமதம்தான். இனி உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள்? எந்த நாளில்? என்னைப் போன்றவன் எங்கே நிற்கலாம்? கையில் என்ன கொண்டு வர வேண்டும், என்ன சொல்ல வேண்டும்?

உங்கள்
எல்யாகிம்


நாசரேத்து
19 நவம்பர் 2013

தம்பி எல்யாகிமுக்கு,

வரும் ஞாயிறு நாற்பதாம் நாள் பூசை. பதினோரு மணிக்குக் கோவிலில் இருந்து கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம். நீ நேராகத் தோட்டத்து வாசலுக்கு வா. கையில் எதுவும் வேண்டாம். இனிப்பு ரொட்டி பங்கு வைப்போம். நீ சாப்பிட மாட்டாய், கையில் வாங்கிக்கொண்டால் போதும். "கடவுள் அவளுக்கு இரங்கட்டும்" என்று நீதான் முதலில் பேச வேண்டும். உங்கள் வழக்கம் மாதிரி நான் வாய் திறக்கட்டும் என்று நின்றுகொண்டிருக்காதே, இரண்டு பேரும் சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான்.

விதாத் இருப்பது மூன்றாம் வரிசை. வாசலில் இருந்து தெரியாது. அதனால் கடைசி ஜெபத்தை வாசலில் வந்து சொல்லும்படி ஃபாதர் இல்யாஸிடம் கேட்டேன். "ஒரே ஒரு ஆளுக்காகவா?" என்றார். "ஆமா ஃபாதர், ஒரே ஒரு ஆளுக்காகத்தான்" என்றேன். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான், திருப்பிக்கொள்ளட்டும்.

டிசம்பர் குழுவைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

நேற்று நானும் புத்ருஸும் போய் வாசல் தூணிலிருந்து முதல் கல்லறை வரை கையால் அளந்தோம். நாலு முழம் தள்ளி நின்றால் போதும் என்று உங்கள் சட்டம் சொல்கிறது. அங்கே பதினோரு முழம் இருக்கிறது. பயப்படாமல் வா.

அண்ணன்
ஜெரியஸ்