டம்டம், டாக்குரியா, ஹவுரா, சால்ட் லேக்

என் பிரிய மச்சான் சேதுவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் எனக்கு இரட்டைப் படிப்பு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. இன்று காலை உட்கார்ந்து, 'சிரித்த முகம்' என்று ஆரம்பித்து மூன்று வரி எழுதியிருப்பேன். பேனா நின்றுவிட்டது.

வித்யாவின் காரில் முன்சக்கரத்து நட்டுகளை நான் இறுக்கினேனா?

உன் மருமகள் வித்யாவுக்கு துர்காபூரில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. குக்கர், பாத்திரம், அரிசி என்று உன் தங்கை ஏற்றியதில் கார் பின்பக்கம் குந்தியே போய்விட்டது. எட்டு மணிக்குக் கிளம்பினாள், கூடவே அவள் தோழி மௌ. எனக்கு இந்தக் கேள்வி உதித்தபோது மணி ஒன்பதே கால். அப்போது அவர்கள் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருப்பார்கள்.

நேற்று பஞ்சர். ஸ்டெப்னியில் வீடு வந்து சேர்ந்தாள். ஒட்டிய சக்கரத்தைத் தானே மாட்டித் தருவதாகக் கடைக்காரன் சொன்னான். மகள் பக்கத்தில் நிற்கும்போது எந்த அப்பன் சரி என்பான்? 'நமக்குத் தெரியாததா' என்று காலையில் சந்தில் ஜாக்கைப் போட்டேன்.

தெரிந்ததெல்லாம் உன்னோடு சேர்ந்து தெரிந்ததுதானே, மச்சான். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட காலத்திலிருந்து நாம் எதைத் தனியாகச் செய்தோம்? என் பழைய காருக்கு முதல் தடவை சக்கரம் மாட்டியபோது, பலம் போதவில்லை என்று ஸ்பேனர்மேல் ஏறிக் குதித்தேன். போல்ட்டே ஒடிந்து விழுந்தது. நீ சந்தோரம் உட்கார்ந்து சிரித்தாய்.

"மாப்ளே, நட்டு என்ன உங்கப்பன் சொத்தைத் தூக்கிக்கிட்டு ஓடப்போகுதா? இந்த மிதி மிதிக்கிறே."

அதற்கப்புறம்தான் அளவாக இறுக்கியதும் 'கிளிக்' என்று சொல்லும் ரெஞ்சை வாங்கி வந்தாய். "இது சொன்னதும் விட்டுடு. இதுக்கு உன்னைவிட அறிவு ஜாஸ்தி" என்றாய். வரிசையும் நீ வைத்ததுதான். பக்கத்து நட்டுக்குப் போகக் கூடாது, எதிர் நட்டுக்குத்தான் போக வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை என்று, நாலு நட்டுக்கும் இந்த ஊர்ப் பேட்டைகளின் பெயர் வைத்தாய். மேலே டம்டம், கீழே டாக்குரியா, இடது பக்கம் ஹவுரா, வலது பக்கம் சால்ட் லேக். நீ கத்துவாய், நான் இறுக்குவேன். சந்தில் போகிறவர்கள் நம்மை மினிபஸ் கண்டக்டர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

கடைசியில் அந்தக் கேள்வி. சக்கரம் தரையில் பதிந்து, நாலும் இறுகிய பிறகு நீ கேட்பாய்: "ஆச்சா?" நான் சொல்வேன்: "ஆச்சு." சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. இந்த ஊர் வங்காளத்தில் 'ஹோயே கேச்சே' என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை, பாதி பாக்கி என்று அர்த்தம் என்பாய். சக்கர விஷயத்தில் தமிழ்தான் செல்லும்.

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். நாலு நட்டையும் கையால் திருகிவிட்டேன். சக்கரம் இன்னும் அந்தரத்தில். எதிர்வீட்டுக்காரர் பாபிதா ஸ்கூட்டரோடு வந்து நின்றார்.

"ஹோலோ, தாதா? முடிஞ்சுதா, அண்ணா? ஆபீஸுக்கு லேட் ஆகுது."

"ஹோயே கேச்சே, ஹோயே கேச்சே" என்றேன். ஜாக்கை இறக்கினேன், அவருக்கு வழிவிட வண்டியை முன்னால் நகர்த்தினேன், கை கழுவினேன், டீ குடித்தேன். 'ஆச்சா' என்று கேட்க ஆளில்லை, மச்சான். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேனே.

வித்யாவுக்கு நாலு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. உன் தங்கையிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, "ஓட்டுறவ எப்படி எடுப்பா? மௌவுக்கு அடிங்க" என்றாள். இது எனக்குத் தோன்றவில்லை பார்.

"பொலுன், காகு, சொல்லுங்க அங்கிள்" என்று போனை எடுத்தாள் மௌ. நான் பதற்றத்தில், "வண்டிய நிப்பாட்டச் சொல்லும்மா, வண்டிய நிப்பாட்டு" என்று தமிழிலேயே கத்தினேன். அந்தப் பெண் பாவம், "கீ, காகு? கீ?" என்று என்ன, என்னவென்று கேட்கிறாள். நாற்பது வருஷம் பேசிய வங்காளம் தொண்டைக்கு வந்து சேர ஒரு யுகம் ஆயிற்று. "காடி தாமாவோ."

வண்டி நின்றது. வித்யா போனில் வந்தாள். "அப்பா, பத்து நிமிஷமா டொக் டொக்னு சத்தம். அம்மா ஏத்துன பாத்திரம்னு நினைச்சு பாட்டை சத்தமா வச்சுட்டேன்."

"முன்சக்கரத்து நட்டைத் தொட்டுப் பார்."

கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "விரலாலயே சுத்துதுப்பா" என்றாள்.

ஜாக்கைப் போட்டு லேசாகத் தூக்கு, மரை கெட்டிருக்கா பார், நாலையும் கையால் உட்கார வை, இறக்கு, அப்புறம் ஸ்பேனரைப் போடு என்றேன். வரிசை சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் மூச்சுப் பிடித்துக்கொண்டு, "டம்டம்... டாக்குரியா... ஹவுரா..." என்று கேட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். நீங்களும் மாமாவும் போட்ட கூச்சலா? சால்ட் லேக்."

"ஆச்சா?" என்று கேட்டேன். உன் குரலில் கேட்டுவிட்டேனோ என்று எனக்கே திக்கென்றது.

ஒரு லாரி இரைந்து போனது. "இருங்க, இன்னொரு ரவுண்டு பார்த்துடறேன்" என்றாள். வேலை முடிந்ததா என்று கேட்டால் மட்டும் வங்காளத்தில் பதில் சொல்கிற பெண். நான் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"ஆச்சுப்பா."

மெதுவாகப் போய், வழியில் முதலில் வரும் கடையில் அளவு ரெஞ்சால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் ரெஞ்சை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். நீ சுற்றிவைத்த துணிகூடப் பிரியவில்லை. காலையில் அதைத் தொடவே இல்லை நான். எனக்குச் சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. நீ இருந்திருந்தால் உனக்கு வந்திருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயிலில் இதைத் தூக்கிக்கொண்டு துர்காபூர் போகிறேன். நாலு சக்கரத்தையும் நான் இறுக்க அவள் கேட்பாள், அவள் இறுக்க நான் கேட்பேன். ரெஞ்சை அவள் டிக்கியிலேயே வைத்துவிட்டு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மலர்க்காரர் இப்போது போன் செய்து, எழுதி ஆச்சா என்று கேட்டார். வித்யா இன்னும் போய்ச் சேரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
ஸ்பேனர்மேல் குதித்த உன் மாப்ளே,
சோமு