புள்ளிகள் இருந்த இடத்தில்

பிப். 2, திங்கள்
காலையிலிருந்து மூடுபனி. துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்கு மூக்கொழுகல், உடம்புச் சூடு 99.4. பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதி வைக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை: சளி மருந்து. டயபர், பெரிய சைஸ். மங்கா, ஏழாம் அத்தியாயம்.

கல்லூரித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவுக்காக. மங்கா என்றால் ஜப்பான் படக்கதை; இது ஆணும் ஆணும் காதலிப்பது. அதிலும் ஆபீஸ் கதை என்றால் எங்களுக்கு உயிர். ஒரு மேலாளர், அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்தவன். ஒரே லிப்ட், ஒரே குடை. கையைத் தொடவே ஆறு அத்தியாயம். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழாக்கிப் படத்தில் ஒட்டுவது நான். வீட்டுக்காரருக்குத் தெரியாது. நாமக்கல்லில் வேலை, ஞாயிறு மட்டும் வருகிறார்.

இந்த அத்தியாயத்தில், மழையில் நனைந்த காகிதங்களை இருவரும் மேசை மேசையாகப் பரப்பிக் காயவைக்கிறார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். பேச்சுக் குமிழிக்குள் வெறும் புள்ளிகள். போன தடவை அப்படியே விட்டதற்குக் குழுத் தோழி நஸ்ரீன் போனில் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி, கரண்ட் போயிருச்சா? ரெண்டு பேரும் என்னதான் பேசிக்கறாங்க?"

பிப். 3, செவ்வாய்
வெயில், கொஞ்சம். மிளகு காயவைக்கும் களத்துக்குப் போனேன், தம்பி செல்வத்துக்குப் பலாக்காய்ப் பொரியல். அங்கே அவன்தான் மேற்பார்வை. பாஸ்கர் எடை போடுபவர். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மலைக்கு வருகிறார், ஒன்றரை வருடமாக.

வேலையாட்கள் கைகால் கழுவிக் கிளம்பும் நேரம். செல்வம் ஒரு மிளகைக் கடித்துப் பார்த்துச் சத்தமாக, "இன்னும் காயலீங்க. இன்னொருக்கா பொரட்டோணும்."

"பொரட்டலாமுங்க. கடைசி பஸ் இருக்குதல்ல," என்றார் பாஸ்கர்.

கூடையைத் தூக்கிய அக்கா ஒருத்தி: "இவிங்க ரெண்டு பேத்துக்கு மட்டும் தெனமும் காயவே மாட்டீங்குது!" எல்லாருக்கும் சிரிப்பு.

நானும் ஒன்று கடித்தேன். டக்கென்று உடைந்தது. காய்ந்துதான் இருந்தது.

எனக்கு முன்பே தெரியும். கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. பெரிய மாமா மகளை அவனுக்குப் பேசியிருக்கிறார்கள், பங்குனியில் நிச்சயம்.

வீட்டுக்கு வந்ததும் புள்ளிகளை அழித்துவிட்டு, செல்வமும் பாஸ்கரும் பேசியதையே எழுதினேன். பஸ்ஸை மட்டும் ரயிலாக்கினேன். அவ்வளவு பொருத்தம். அனுப்பிவிட்டேன்.

பிப். 5, வியாழன்
பாப்பாவுக்குப் பரவாயில்லை. குழுவில் ஒரே இதய எமோஜியாக. நஸ்ரீன் அழுதாளாம். யாரோ அந்தப் பக்கத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். பெருமையாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

பிப். 6, வெள்ளி
மருந்து வாங்கித் திரும்பும்போது பஸ்ஸில் முன் சீட்டில் களத்து ஆட்கள் இரண்டு பேர், கையில் போன்.

"ஏனுங்க, காஞ்சுதுங்களா?"
"எங்கீங்க! இன்னொருக்கா பொரட்டோணும்!"

சீட்டில் அடித்துச் சிரித்தார்கள். திரையில் என் பக்கம். என் எழுத்து. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். குழுவில் அழித்தேன். அழித்து என்ன.

பிப். 7, சனி
செல்வம் வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, களத்துச் செவுத்துல கரியில எழுதி வச்சிருக்கறாங்க. எங்க ரெண்டு பேர் பேரும். பாஸ்கர இனி வரவேண்டாம்னுட்டாங்க."

"ஆரு எழுதுனது?"

"ஆரோ எங்கள ஒட்டுக் கேட்டு, போன்ல சுத்தற அந்தப் படத்துல எழுதியிருக்கறாங்க. வார்த்த மாறாம. ஆராக்கா இருக்கும்?"

பாப்பாவின் மூக்கைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த மூக்கு.

"தெரியலடா."

"நாளைக்கு மொத பஸ்ஸுல கீழ போறேன். அவரப் பாத்துட்டு வாரேன். உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாசல்வரை போனேன்.

பிப். 8, ஞாயிறு
வீட்டுக்காரர் இந்த வாரம் வரவில்லை. வேலையாம். அவருக்கும் படம் போய்விட்டதா?

பதினொரு மணிக்குப் பெரிய மாமா ஜீப்பில். உள்ளே மூன்று பேர், இறங்கவில்லை. மாமா பாப்பாவுக்கு பிஸ்கட் கொடுத்தார். கோபமே இல்லை.

"செல்வம் எங்க கண்ணு?"

"தெரியலீங்க மாமா." பிறகு நானே, மூச்சு விடாமல்: "மாமா, அந்தப் படத்துல எழுதுனது நான்தானுங்க. அது ஜப்பான் கதைங்க. தம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"நீதான்னு தெரியும் சாமி. ஜப்பான்காரன் கத எனக்கெதுக்கு? அவங்க பேசறத நீ எங்க நின்னு கேட்ட, அத மட்டும் சொல்லு."

வேலைப் பேச்சு என்று காட்ட நினைத்தேன். "களத்துலதானுங்க. மிளகு காய வைக்கையில."

"ஆரெல்லாம் இருந்தாங்க?"

"எல்லாரும் கெளம்பற நேரமுங்க."

"அப்ப அவங்க ரெண்டு பேருதான்."

தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன். மாமா பாப்பா தலையைத் தடவிவிட்டு ஏறினார்.

செல்வத்துக்கு ஒன்பது முறை அழைத்தேன். ரிங் போகிறது. பாஸ்கர் போன் ஸ்விட்ச் ஆஃப்.

களம் மேட்டில். ஜீப் மேட்டுக்கு ஏறவில்லை. முக்கில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு கீழே, பாஸ்கர் இருக்கும் காளப்பநாயக்கன்பட்டி ரோட்டில் இறங்கியது.