முப்பத்திரண்டு இஞ்ச் திரையில் எழுதியது

12.6.2009, வெள்ளி

பழைய மானிட்டர் பரணுக்குப் போய்விட்டது. மேசையில் இப்போது ஒரு டி.வி. நிற்கிறது. முப்பத்திரண்டு இஞ்ச், பெயர் தெரியாத கம்பெனி. குமுளியில் ஒரு லாட்ஜை மூடினார்களாம். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் தன் ஜீப்பிலேயே, போர்வையில் சுற்றி என் வீட்டுக்காரர் எடுத்து வந்தார். அடிமாட்டு விலை. பின்னால் கம்ப்யூட்டர் வயரைச் செருக இடம் இருந்தது. செருகினேன். படம் வந்தது! அல்ஹம்துலில்லாஹ்.

இனி நாட்குறிப்பும் இதில்தான். நோட்டில் வரிமேல் வரி ஏறிவிடுகிறது. இங்கே எழுத்தின் அளவு 36. ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

"கண்ணாடி பவர் ஏறிப்போச்சு" என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். இடது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை என்பதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

18.6.2009

இவருக்கு கிரிக்கெட் பார்க்கணுமாம். "டி.வி.ய வாங்கி வச்சுட்டு டி.வி. பாக்காத குடும்பம் கம்பத்துலயே நம்மதான்டி." மேசையைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். ஷானவாஸ் ராவுத்தர் வாயை மூடிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

2.7.2009

அச்சகம் வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன் தம்பி ஆறு கல்யாணப் பத்திரிகை வேலை அனுப்பியிருக்கிறது. நான் வீட்டிலிருந்து அடித்துக் கொடுத்தால் நேராக அச்சுக்குப் போகும். "ஷரீபாக்கா அடிச்சா ப்ரூஃப் எதுக்கு?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுமாம். பதினாலு வருஷத்துப் பேர் அது. சும்மா வந்ததில்லை.

ஒரு பத்திரிகையை முதலிலிருந்து யாரும் அடிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, பேரை அழித்து, புதுப் பேரைப் போடுவதுதான் இந்தத் தொழில். என்னிடம் இரண்டு ஃபோல்டர். 'நல்லது' ஒன்று: கல்யாணம், காதுகுத்து, வீடு பால்காய்ச்சு. 'கெட்டது' ஒன்று: கருமாதி, நினைவஞ்சலி. இது அதில் கலந்ததே கிடையாது.

25.7.2009

அளவு 72. திரையில் மூன்று வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. பத்திரிகை வேலையையும் இப்படித்தான் பெருசாக்கிப் பார்க்கிறேன். ஒரு மூலையைப் பார்த்தால் மறு மூலை ஓடிவிடுகிறது. முழுப் பக்கத்தையும் ஒன்றாகப் பார்த்து மாசக்கணக்கு ஆகிறது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த அப்ரின் வாசலில் இருந்தே சத்தம் போட்டாள். "அம்மா, நீ அடிக்கிறத தெருவுல போறவக வாசிச்சுட்டுப் போறாகம்மா!" நல்லவேளை, காதுகுத்துப் பத்திரிகைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டேன். நாட்குறிப்பை ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் எழுத வேண்டும்.

27.8.2009

யா அல்லாஹ்.

28.8.2009

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் மொக்கைச்சாமி, தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். பத்திரிகை நான் அடித்தது. எடுத்த பழைய ஃபைல், அப்பா இல்லாத ஒரு பெண்ணின் கல்யாணப் பத்திரிகை. அந்த அப்பா பேரை அழித்தேன். அதற்கு முன்னால் இருந்த 'அமரர்' திரைக்கு வெளியே நின்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. 'அமரர் மொக்கைச்சாமி' என்று ஐந்நூறு பத்திரிகை அச்சாகி, மூலையில் மஞ்சள் தடவி, குலசாமி முன்னால் வைத்துப் பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

அவர் சம்சாரம் கஸ்தூரியம்மாள், அச்சகத்தில் விசாரித்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஆத்தா, எம் புருசன் வெளிய வண்டியில ஒக்காந்திருக்காக. உசுரோட இருக்காகளா இல்லையான்னு நீயே வந்து பாத்துச் சொல்லு."

பத்திரிகையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். "கவனப் பிசகும்மா, மன்னிச்சுக்கிருங்க" என்றேன். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். இப்படி அழுது எனக்குப் பழக்கமே இல்லை.

கவனமில்லாதவள் என்று பேர் வாங்கினாலும் வேலை செய்யலாம். கண்ணில்லாதவள் என்று பேர் வந்தால் முடியாது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்தது சரியா? அந்த அம்மாவுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

31.8.2009

இவர் குமுளி போய்விட்டார், அப்ரின் பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீட்டில் ஆள் இல்லை.

வலது கண்ணிலும் இப்போது கறுப்பாக ஏதோ நீந்துகிறது. இடது கண்ணிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. சுகர் வந்து ஒன்பது வருஷம். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டேனா? இல்லை. பேரீச்சம்பழத்தை விட்டேனா? அதுவும் இல்லை. மொக்கைச்சாமி பத்திரிகையைத் திருப்பி அடித்தாயிற்று, ஆனால் நான்கு தடவை அப்ரினை வாசிக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். இது சுரேஷ்கண்ணனுக்குத் தெரிந்தால்

1.9.2009

தெரிந்துவிட்டது.

நேற்று அந்த வரியை அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால், இடது பக்கத்திலிருந்து "அக்கா" என்று குரல் கேட்டது. அந்தப் பக்கம் யானை வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது.

"எப்ப வந்த தம்பி?"

"செத்த நேரமாச்சுக்கா. கதவு தெறந்து கெடந்துச்சு. கூப்பிடத்தான் வந்தேன். எழுத்து எதுக்கவே நிக்குது. படிக்காம இருக்க முடியலக்கா."

பேரீச்சம்பழம் உள்பட எல்லாவற்றையும் படித்திருக்கிறது. திரையை அணைக்க எழுந்தேன். எந்தப் பொத்தான் என்று தடவித் தேட வேண்டியிருந்தது. அந்தப் பையன் என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தது.

"நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா. மொதல்ல ஒடம்பப் பாருங்க. வேலை எங்கன போயிரும்?"

எங்கன போகும்? வேறொருத்தியிடம் போகும். திட்டி நிறுத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவ்வளவு பிரியமாக நிறுத்தினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வெளியே போனதும் இவருக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டது.

9.9.2009

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் நரம்பு கசிகிறதாம். இடது கண் முடிந்தது. வலதுக்கு லேசர் வைத்துப் பார்க்கலாம், நிச்சயம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "ஆறு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்மா" என்றார்.

திரும்பும்போது பஸ் ஆண்டிபட்டி வந்தது. இவர் கேட்டார்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்த டி.வி.ய வாங்கித் தந்திருப்பீகளா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்டி."

தேனி வந்து சேரும் வரைக்கும் விரல் விட்டு மாசத்தைக் கணக்குப் பார்த்தேன். எழுத்தைப் பெருசாக்கிப் பெருசாக்கி மூன்று மாசத்தை ஓட்டியிருக்கிறேன். அந்த மூன்று மாசம்தான் கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்த மாசம். பாவி நான்.

20.11.2009

இரண்டு தடவை லேசர் ஆயிற்று. அளவு 120.

14.1.2010

அச்சகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், ஓவியா, பொங்கல் சாமான் கொண்டுவந்தாள். சுரேஷ்கண்ணன் கொடுத்துவிட்டதாம். அப்படியே என் பழைய ஃபைல்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். நல்ல பிள்ளை, தட்டுகிற சத்தத்திலேயே வேகம் தெரிந்தது.

"அந்த ரெண்டு ஃபோல்டரையும் தனித்தனியா வச்சுக்கத்தா."

"எல்லாத்தையும் ஒண்ணாவே போட்டுக்கிட்டேன்க்கா. வேணும்ங்கறப்ப தேடி எடுத்துக்கிறலாம்."

சரி என்றேன்.

3.3.2010

அளவு 200. ஒரே எழுத்து திரையை அடைக்கிறது. விரல் பழக்கத்தில் அடித்தது, 'ஷ' என்று நினைக்கிறேன். வெளிச்சத்தில் ஏதோ கறுப்பு. அவ்வளவுதான்.

9.4.2010, வெள்ளி

கேபிள்காரன் வந்து டி.வி.க்கு வயர் இழுத்துவிட்டுப் போனான். நான்தான் வரச் சொன்னேன். இனி சாயங்காலமானால் இவர் கிரிக்கெட் பார்க்கலாம். பகலில் கம்ப்யூட்டர் வயரை மாட்டிக்கொள்ளலாம், ஒன்றும் கெட்டுப்போகாது.

இவர் இப்போது பின்னால் கட்டிலில் படுத்திருக்கிறார். இருமுகிறார். முழித்துத்தான் இருக்கிறார்.

அப்ரினைக் கூப்பிட்டு எழுத்தின் அளவைப் பன்னிரண்டாக்கச் சொன்னேன்.

"பன்னெண்டா? ஒனக்கு ஒண்ணுமே தெரியாதேம்மா."

"எரநூறுலயும்தான் தெரியல. பன்னெண்டுல வச்சா கட்டில்ல இருக்குற ஒங்க அத்தாவுக்கும் தெரியாதுல்ல."

மவுஸைச் சொடுக்கினாள். "வச்சுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.