துருவுக்கு விடாத கனம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அம்பத்தூரிலிருந்து பால்ராஜ் துயரத்துடன் அறிவிப்பது: என் சட்டையின் மூன்றாம் பித்தான் நேற்று காலமானது. அப்பாவின் இருமல் தேவலையா?

பட்டறையில், கொதிக்கும் கழிவுநீர் ஓடப்போகும் புதுக் குழாய்க்கு எத்தனை மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்று இப்போது நான்தான் கணக்குப் போடுகிறேன்.

நேற்று ஃபோர்மேன் பஷீருதீன் அண்ணன் அந்த இடத்தில் இதுவரை இருந்த பழைய குழாயை அறுத்தார். உள்ளே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். துரு தின்று குழாயின் சுவர் அப்பளமாகியிருந்தது. கை இன்னும் நாறுகிறது, சீயக்காய்த் தூள் அனுப்பு. பித்தானைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீயே வந்து தைத்துவிடு.

அண்ணன் என் கணக்குத் தாளைப் பார்த்தார். "அழுத்தம் தாங்க மட்டும் கனம் போட்டுகீற. துரு துன்றதுக்கு இன்னாடா உட்டுவெச்ச? வெடிச்சா கீழ நிக்கிறவன் வெந்துடுவான்."

என் கணக்கை அடித்துவிட்டு அவரே போட்டார், அம்மா. நான் செய்ததெல்லாம் பழைய குழாய்க்குள் கையை விட்டுச் சேற்றை வழித்ததுதான்.

பால்ராஜ்