பெட்டிக்கு வெளியே என் கிணறு

ஆடி மாதம், செவ்வாய் இரவு.

கிரிக்கெட்டில் நம்மவர்கள் உலகக் கோப்பை ஜெயித்த வருஷம். குற்றாலத்தில் சாரல் பொய்த்துவிட்டது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

போன வறட்சியில் யார் கிணற்றில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று விசாரித்துப் போன காலேஜ் பெண், இன்று மேலகரத்தில் ஒரு படம் காட்டினாள். நடுவில் பெட்டி, இருபுறமும் வால்போல் கோடு, தள்ளி ஒரு புள்ளி. நிலம் அளந்த படம் என்றே நினைத்தேன்.

"அந்தப் புள்ளி என்னது தாயி?"

"உங்க கிணறு தாத்தா. கிணறுகளை நாள்கணக்குப்படி வரிசையா வச்சா நடுப்பாதி பெட்டிக்குள்ள வரும். பெட்டிக்குள்ள இருக்க கோடு நட்டநடுக் கிணறு. உங்க கிணத்துல தண்ணி நின்ன நாள் எல்லாத்தையும் தாண்டிப் போயிட்டு. அதனால கிணறு ஆழப்படுத்த சர்க்கார் தர்ற உதவி உங்களுக்குக் கிடைக்காது."

பக்கத்துத் தோட்டத்துச் சுடலைமுத்து சிரித்தான். "வேலிக்கு வெளிய நிக்கேரு அண்ணாச்சி!"

அவள் விசாரிக்க வந்த அன்று நான் தென்காசியில் இருந்தேன். எனக்காகப் பதில் சொன்னவன் அவன். என் கிணறு ஆழமானால் அவன் கிணற்றில் தண்ணீர் இறங்கும்.

அந்த வறட்சியில் முதலில் வற்றியது என் கிணறுதான். சிற்றாற்றிலிருந்து என்னோடு தண்ணீர் சுமந்தவர்களுக்குத் தெரியும். மாடசாமி போய்விட்டான். இசக்கியும் போய்விட்டான். உயிரோடு மிச்சம் இருப்பவன் சுடலைமுத்து.