ரமணனை உள்ளே வைத்துக்கொண்டார்கள்

ஜூன் 10, செவ்வாய்

நியூசிலாந்துக் குளிர்காலம், விடிந்ததிலிருந்து மழை. கிளென் ஈடனில் ரயில் ரத்து, வேலைக்குப் பஸ்ஸில் போனேன். பாதி வழியில் நிர்மலாவின் கோல். அமெரிக்காவில் இருக்கும் தம்பி ரமணனின் மனைவி. அவன் வருடாவருடம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். போனான். இந்த முறை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

"கெதியா வாறன் எண்டுதான் போனவர் மச்சாள். நான் பிள்ளையோட காருக்குள்ள. பிறகு ஒருத்தன் வந்து அவற்ர பெல்ட்டையும் மோதிரத்தையும் ஒரு பையில போட்டுத் தந்திட்டுப் போறான்."

ஒரு குற்றமும் செய்யாதவன். கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை, ஒழுங்காக வரி. இலங்கைக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று அந்த நாட்டு நீதிபதியே தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை நம்பித்தான் இவ்வளவு காலமும் இருந்தான்.

உடுப்பு எதுவும் காயவில்லை.

ஜூன் 11, புதன்

எல்லர்ஸ்லி ஒபிஸ். மத்தியானச் சாப்பாட்டில் விக்னேஷிடம் சொன்னேன். அடுத்த மேசை, கோயம்புத்தூர்க்காரர்.

"பேப்பர் கரெக்டா இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா. எங்கண்ணன் டல்லாஸ்ல நிம்மதியாத்தான் இருக்கான்."

"தம்பியிட்டையும் பேப்பர் இருக்கு" என்றேன். எழும்பி மைக்ரோவேவ் பக்கம் போய்விட்டார்.

மாலை முழுக்க நிர்மலாவோடு லோயர் தேடல். கடையில் திருடிப் பிடிபட்டவனிடம் காசில்லாவிட்டால் அங்கே அரசாங்கமே லோயர் வைத்துக் கொடுக்குமாம். நாடுகடத்தப் பிடித்தவனுக்குக் கொடுக்காதாம். இது குற்ற வழக்கு இல்லையாம், சிவில் விடயமாம். அப்படியென்றால் கைவிலங்கு மாட்டி அடைப்பது எதற்கு?

ஜூன் 14, சனி

ரமணன் கதைத்தான். தெற்கே, தூர மாநிலம் ஒன்றில் தடுப்பு முகாம். நடத்துவது தனியார் கம்பெனி. நிர்மலா தன் போனில் எங்களைச் சேர்த்துவிட்டாள்.

"சாப்பிட்டியே?"

"ஓம் அக்கா. பாண் தந்தவங்கள். தரை துடைக்கிற வேலையும் தந்திருக்கிறாங்கள். நாள் முழுக்கத் துடைச்சா ஒரு டொலர். அதைக் கொண்டுபோய் அவங்கட கடையிலதான் குளிக்கச் சவர்க்காரம் வாங்கோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

தொழிற்சாலையில் கை வீங்கியபோதும் லீவு கேட்கப் பயந்தவன். பயந்த ஆளுக்குச் சம்பளம் கூட்டத் தேவையில்லை. முதலாளிக்கு அது தெரியும், சட்டம் எழுதுகிறவர்களுக்கும் தெரியும். இவனைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் அந்த நாட்டில் ஒருவர் தட்டிலும் கோழி இராது. வைத்திருக்கவும் வேண்டும், நினைத்த நேரம் தூக்கி எறியவும் வேண்டும்.

வாங்க: பால், பருப்பு, மகள் ஆரணிக்கு நெட்போல் சொக்ஸ்.

ஜூன் 18, புதன்

அரை நாள் லீவு. ரமணனை இங்கே எடுக்க முடியுமா என்று கேட்க வெஸ்ட்கேட்டில் எம்.பி. அலுவலகம். அங்கிருந்த பிள்ளை நல்ல மாதிரி, தேத்தண்ணி போட்டுத் தந்தாள். பிரஜையின் சகோதரன் என்பதற்காக விசா கிடையாது, வழி ஒன்றும் தெரியவில்லை, மன்னியுங்கள் என்றாள். கோபப்படவும் முடியவில்லை.

ஒரே வருடம்தான் இருவரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். எனக்குக் கல்யாணம், நியூசிலாந்து. அவனுக்குக் களவாய் ஆள் அனுப்பும் ஏஜென்சி, அமெரிக்கா. வேறு என்ன வித்தியாசம்?

ஜூன் 21, சனி

நிர்மலா காரை விற்று லோயர் பிடித்துவிட்டாள். லோயர் சொன்னது: அந்தத் தீர்ப்பு இலங்கைக்கு அனுப்புவதை மட்டும்தான் தடுக்கிறது. வேறு எந்த நாடு ஏற்றுக்கொண்டாலும் அங்கே அனுப்பலாம். தடை கேட்டு மனுப் போடுகிறாராம்.

பிறகு ரமணன் லைனில். விரும்பி இலங்கைக்குப் போகிறேன் என்று கையெழுத்து வைக்கச் சொல்கிறார்களாம். இல்லாவிட்டால் வேறு நாடுதானாம், எங்கே என்று சொல்ல மாட்டார்களாம்.

"வைக்கட்டோ அக்கா? அங்கையெண்டா பாஷையாவது தெரியும்."

"உன்னைத் தேடி வந்தவங்கள் இன்னும் அங்கைதான் இருக்கிறாங்கள். வைக்காதை."

சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாத நாட்டில் ஒரு மனிதனைக் கொண்டுபோய் விட எந்த நீதிமன்றமும் சம்மதிக்காது என்று நினைத்தேன்.

ஜூன் 23, திங்கள்

குளிர். ஒபிஸில் ஹீட்டர் பழுது. விக்னேஷ் கோப்பி கொண்டுவந்து வைத்தார். "எங்கண்ணன் இப்ப காய்கறி வாங்கப் போனாக்கூட பாஸ்போர்ட்டோட போறானாம்க்கா."

ஜூன் 26, வியாழன்

முகாமின் பதிவில் அவன் பெயர் இல்லை. லோயர் கேட்டதற்கு, மாற்றிவிட்டோம் என்று மட்டும் பதில். எங்கே? மனு இன்னும் விசாரணைக்கே வரவில்லை.

மகளிடம் இன்றுதான் சொன்னேன். அங்கே கோர்ட் இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டாள். இருக்கிறது என்றேன். நீதிபதி கடதாசியைப் பார்க்குமுன் ஆளை விமானம் ஏற்றிவிட்டால் கோர்ட் இருந்து என்ன? அதை அவளிடம் சொல்லவில்லை.

சாப்பிடவில்லை. நிர்மலாவும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

சோறு வடிக்கும்போது தெரியாத நம்பர். ரமணன். விமானத்தில் கைக்கும் காலுக்கும் விலங்காம். இறக்கி ஏதோ கட்டடத்தில் விட்டிருக்கிறார்கள், வாசலில் துவக்கோடு காவலுக்கு ஆட்கள். காவல்காரன் ஒருவன் இரங்கித் தன் போனைக் கொடுத்திருக்கிறான்.

"எந்த நாடடா?"

"தெரியாது அக்கா. இவங்கள் கதைக்கிறது விளங்கேல்லை. இந்த நம்பரின்ர முன் இலக்கத்தை வைச்சுப் பாத்துச் சொல்லுங்கோ."

ஆரணி லாப்டொப்பில் தேடினாள். ஆபிரிக்காவில் ஒரு சின்ன நாடு. பெயரைச் சொன்னேன்.

"அது எங்கை அக்கா இருக்கு?"